இரண்டாம் வட்டைப் போடவும்

இரண்டாம் வட்டைப் போடவும் என்று கம்ப்யூட்டர் கேட்டது, கேட்டுக்கொண்டே முதல் வட்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது, இது என்ன நியாயம் என்று ஏசுவடியான் டிரைவின் பொத்தானை எட்டாவது தடவையாக அழுத்தினான், உள்ளே ஏதோ ஒன்று க்ளுக் என்று எச்சில் விழுங்கியது, அவ்வளவுதான், தட்டு வெளியே வரவில்லை. மணி ஒன்பது ஐம்பது. ஐஸ் பிளான்டிலிருந்து ஏழரைக்கு வந்தவன் சட்டையைக்கூட மாற்றவில்லை, காலரில் அம்மோனியா வாசனை, விரல் முட்டுகளில் ராத்திரியின் குளிர் இறங்காமல் நின்றது, பத்தொன்பது வருஷமாக அந்தக் குளிர் அப்படித்தான், மத்தியானம் வரை அவனோடேயே இருந்துவிட்டு அவன் தூங்கிய பிறகு சொல்லாமல் போகும். இன்று தூக்கம் கிடையாது. சாயந்திரம் நாலு மணிக்குள் மூன்று வட்டுகளும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போக வேண்டும், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஷைனி மிஸ் நாளை முதல் பேறுகால லீவு, அலமாரிச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகிறாள், அதற்குப் பிறகு அந்த அலமாரியை யார் திறப்பார்கள், எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. பேச்சு ஒன்று, பேச்சு இரண்டு, பேச்சு மூன்று என்று ஏதோ ஒரு நர்ஸ் நீல மையில் எழுதி வைத்த வட்டுகள். படத்தைக் காட்டும், சொல்லைச் சொல்லும், பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள் பார்த்துப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். பழைய காலத்து விண்டோஸுக்கு யாரோ செய்தது, அதை ஓட்டிய கம்ப்யூட்டர் செத்துப்போச்சு, புதுக் கம்ப்யூட்டர்ல ஏற மாட்டேங்குது, சும்மாதான் கிடக்கு அண்ணா என்று ஷைனி மிஸ் சொன்னபோது இவன் வாய் சும்மா இருந்ததா. எங்கிட்ட லினக்ஸ் இருக்கு மிஸ். அதுல ஓடுமா? ஓட வைக்கலாம் மிஸ். ஓட வைக்கலாம் என்று சொல்லும்போது பக்கத்தில் அவன் பெண்சாதி லீலாபாய் உட்கார்ந்திருந்தாள், கேட்டுவிட்டாள், அவளுக்கு எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும், சொல்லத்தான் வராது. முதல் ஆறு மாசத்துக்குள்ள வாற வார்த்தைதான் வார்த்தை என்று டாக்டர் சொல்லி ஐந்து மாசமும் பதினோரு நாளும் ஆகிவிட்டது.

இப்போதும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஒரு தலையணை, தலையணை மேல் அவளுடைய வலதுகை, யாரோ கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி. பால் சொசைட்டியில் பால் அளந்தவள், தினம் காலையில் எண்பது பேருக்கு வாய் கொடுத்தவள், பாலில் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தவனை, உன் மாடு என்ன குளத்துலயா மேயுது என்று கேட்டு வரிசையையே சிரிக்க வைத்தவள், அவளிடம் இப்போது மிச்சம் இருப்பது ஒரே ஒரு வார்த்தை. அப்பறம். பசித்தாலும் அப்பறம், போதும் என்றாலும் அப்பறம், கால் வலித்தாலும் அப்பறம். இழுத்துச் சொன்னால் ஒன்று, வெட்டிச் சொன்னால் ஒன்று, கேள்வியாகச் சொன்னால் ஒன்று. ஐந்து மாசத்தில் ஏசுவடியான் அந்த ஒரு வார்த்தையிலிருந்து இருபது முப்பது வார்த்தை படித்து வைத்திருந்தான், லினக்ஸ் படித்த மாதிரிதான், யாரும் சொல்லித் தரவில்லை, தப்பாகப் புரிந்து, ஏச்சு வாங்கி, மறுபடி கேட்டு. உப்புக் கூடினால் வரும் அப்பறமும் உறைப்புக் கூடினால் வரும் அப்பறமும் வேறு வேறு. இது தனக்கு வாய்த்தது என்று சில நேரம் நினைப்பான். முப்பது வருஷம் அவள் பேசியதில் பாதியைக்கூட இப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லை. அந்த நினைப்பு வந்ததும் மனசு அதைத் தட்டிவிட்டு வேறு பக்கம் ஓடும். அத்தான், இன்னும் அந்தச் சிடியோடதான் மல்லுக்கட்டா? பிலோமி. லீலாபாயின் தங்கை, அடுத்த வீடு, காலையில் வந்தால் மத்தியானம் வரை இங்கேதான், பிள்ளை இல்லாத வீட்டுக்கு அவள் இல்லையென்றால் கஞ்சி கிடையாது. வைன் விட மாட்டேங்குது பிலோமி என்றான். காலங்காத்தால வைனா, பாதிரியாருகிட்டச் சொல்லட்டா? அது ஒரு சாப்ட்வேர்ட்டி, விண்டோஸுல உள்ளத இதுல ஓட்டும். லோகத்துல எல்லாவனும் விண்டோஸ் போடுதான், நீங்க மட்டும் லினக்ஸுன்னு ஒரு பெங்குவினப் பிடிச்சு வச்சுக்கிட்டு, ஐஸுல வேல பாத்துப் பாத்து உங்களுக்குக் கிட்டுனதும் ஐஸுல கெடக்கிய சவம்தான். லீலாபாய்க்குச் சிரிப்பு வந்தது, வாய் இடதுபக்கம் மட்டும் ஏறிச் சிரித்தது, அப்பறம்! என்றாள், சரியாச் சொன்னே என்று அர்த்தம். கேட்டீரா, அக்காளும் எம் பக்கம்தான், கடையில குடுத்தா அரை மணிக்கூருல போட்டுத் தருவான் என்று சொல்லிக்கொண்டே பிலோமி சீனிக்கிழங்கோடு அடுக்களைக்குள் போனாள். கடையிலும் கேட்டாகிவிட்டது, மூன்று கடை, தூரப் போடுங்க சார் என்றார்கள், அதை அவளிடம் சொல்லவில்லை.

கறுப்புத் திரையில் வட்டை விடுவிக்கும் கட்டளையை அடித்தான். முடியாது, சாதனம் வேலையாக இருக்கிறது என்று பதில் வந்தது. என்ன வேலை, உனக்கு என்ன வேலை, இரண்டாம் வட்டைக் கேட்டுவிட்டு சும்மா நிற்கிறாய், நீல நிறப் பட்டை மூன்றில் ஒரு பங்கு நிறைந்து அப்படியே நிற்கிறது, நாற்பத்தைந்து நிமிஷம் எடுத்தது அதற்கு. நேற்றும் இதே இடம். முந்தாநாளும் இதே இடம், முந்தாநாள் கம்ப்யூட்டரையே அணைத்துத் தட்டை வெளியே எடுத்தான், எடுத்து என்ன பிரயோஜனம், மறுபடி ஏற்றினால் முதல் வட்டிலிருந்து தொடங்கு என்கிறது. மூன்றையும் நகலெடுத்து ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தான், நகல் வேண்டாம், அசல் வட்டுதான் டிரைவில் இருக்க வேண்டும் என்கிறது. டிரைவின் முகத்தில் ஒரு சின்ன ஓட்டை உண்டு, ஊசி மாதிரி எதையாவது விட்டுக் குத்தினால் தட்டு வந்துதான் தீர வேண்டும், ஆனால் ஓடுகிற வட்டைப் பிடுங்கினால் ஏறினதும் போய்விடலாம், வட்டிலும் கீறல் விழலாம், விழுந்தால் ஷைனி மிஸ் முகத்தை எப்படிப் பார்ப்பது. இந்த ஓட்டையை அவன் பார்த்துக்கொண்டிருந்ததை லீலாபாய் பார்த்துக்கொண்டிருந்தாள் போல, இடதுகையால் ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்ற ஆரம்பித்தாள், ஒற்றைக் கையால் ஊக்குக் கழற்றுவது எவ்வளவு நேரம் பிடிக்கும், நாக்கைக் கடித்துக்கொண்டு, நெற்றி வேர்க்க, அவன் உதவிக்குப் போனால் அப்பறம் என்று வெட்டுவாள் என்று தெரியும், காத்திருந்தான், கழற்றி நீட்டினாள். அப்பறம்? குத்தவா என்று கேட்கிறாள். குத்தாண்டாம் மக்கா, பைய யோசிப்போம் என்று சொல்லி ஊக்கை வாங்கிப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டான், அவளுடைய உடம்புச் சூடு இரும்பில் இருந்தது, ராத்திரி முழுக்க உறைந்த உதட்டுக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது. யோசிப்பது அவனுக்குப் பழக்கம். பிளான்டில் மணிக்கு ஒரு தடவை கம்ப்ரசரின் அழுத்தத்தைப் பார்த்து எழுத வேண்டும், உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் ஐஸ் கேன்கள் சத்தமில்லாமல் உறையும், மற்ற நேரமெல்லாம் சும்மா, அந்தச் சும்மாவில்தான் படித்தான். பழைய பேப்பர் கடையில் மீன் பொதிய வாங்கிய பேப்பர்க் கட்டுக்குள் ஒரு இங்கிலீஷ் பத்திரிகை, அட்டையோடு ஒட்டின ஒரு சிடி, அதில் முழு லினக்ஸ், இலவசம். பத்தாம் வகுப்பு இங்கிலீஷும் ஒரு டிக்‌ஷனரியும் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் படிக்க ஒரு வாரம். எவனோ பின்லாந்திலும் பிரேசிலிலும் உட்கார்ந்து எழுதினதை இந்த ஐஸ் பிளான்டில் ஒருத்தன் படிப்பான் என்று அவர்களுக்குத் தெரியுமா, தெரியாது, தெரியாமலே எழுதி வைத்திருக்கிறார்கள், இன்னொரு வீட்டுச் சாமான் இந்த வீட்டிலும் ஓடட்டும் என்று வைனைச் செய்து வைத்தவர்கள் அதைவிட மேல், அவர்களுக்கு இதில் என்ன கிடைத்தது. அவர்கள் முகம் தெரியாது. ஜெபத்தில் சில நேரம், பேர் தெரியாத எல்லாருக்காகவும் என்று சேர்த்துக்கொள்வான், லீலாபாய் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பாள், யாருவே அது என்று அந்தக் காலத்தில் கேட்டிருக்கிறாள்.

அந்தக் காலம். ஐந்து மாசம் பதினோரு நாள்தான் ஆகிறது, அதற்குள் அந்தக் காலம். அன்றைக்கு சாயந்திரம் ஏழு நாற்பது, டியூட்டிக்குப் போய்க் கொஞ்ச நேரம்தான், பிளான்ட் ஆபீசில் ஒதுக்கிப் போட்ட ஒரு கம்ப்யூட்டரை இவன் உயிர்ப்பித்துக்கொண்டிருந்தான், திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது, பாதியில் எழும்பக் கூடாது, அப்போது போன். அப்பறம் என்றாள் லீலாபாய். என்னட்டி? அப்பறம். காலையில் சண்டை, எப்பப் பாத்தாலும் அந்தப் பெட்டியோடதான் குடித்தனம் என்று சொல்லியிருந்தாள், அதைத்தான் குத்திக் காட்டுகிறாள், அப்பறம், வேற என்ன விசேஷம் என்று நக்கலாகக் கேட்கிறாள் என்று நினைத்தான். அப்பறம், அப்பறம். சரி, காலைல பேசுவோம், வை என்றான். வைத்தான். நாற்பது நிமிஷம் கழித்து பிலோமி கூப்பிட்டாள், அலறிக்கொண்டு, அக்கா தரையில கெடக்கா அத்தான். நாற்பது நிமிஷம். இந்த இடத்துக்கு வந்தால் மனசு நகராது, வண்டிச்சக்கரம் மணலில் புதைந்த மாதிரி ஒரே இடத்தில் சுற்றும், வை என்றேன், வைத்தேன், வை என்றேன், வைத்தேன். ஐஸ் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த லாரி டிரைவர் மரியதாசன் அப்போது இவன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தான், இவன் போன் போட்டதும் வண்டியைத் திருப்பி, முன் சீட்டில் அவளைத் தூக்கி வைத்து, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான், அவனுக்கு நன்றி, அன்றைக்கு டியூட்டியில் இருந்த அந்தச் சின்ன டாக்டர் பெண்ணுக்கு நன்றி, உயிரோடு திரும்பக் கிடைத்தாள், அது போதாதா என்றால் போதும், போதும்தான். ஆனால் அந்த நாற்பது நிமிஷம் முன்னால் வந்திருந்தால் பேச்சு தங்கியிருக்குமா என்று டாக்டரிடம் அவன் கேட்கவே இல்லை. லீலாபாய்க்குத் தெரியும். போன் அவள் கையில்தான் இருந்தது. பிலோமியிடம் அவன் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, தெரிந்தவள் அவள் ஒருத்தி, அவளால் சொல்ல முடியாது. பேச்சு வந்தால்? இதோ இந்தத் தட்டு வெளியே வந்து, அடுத்த வட்டு ஏறி, படம் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பேச்சு வந்தால், முதலில் என்ன கேட்பாள்? ஏன் வச்சீரு என்று கேட்பாள். கேட்கட்டும். கேட்டால் போதும். கேட்காமல் இருந்துவிட்டால்தான். அப்படி நினைக்கும்போதே இன்னொரு நினைப்பு அதன் பின்னால் கதவு ஓரமாக நின்றது, மூன்று நாளாக இந்த வட்டை நீயேதான் பிடித்து வைத்திருக்கிறாயோ, வெளியே வந்துவிடக் கூடாது என்று. சீ, என்ன நினைப்பு இது என்று தலையை உதறினான், பல்லிடுக்கில் ஊக்கு ஆடி உதட்டில் குத்தியது, ரத்தம் உப்பாக இருந்தது.

நீயேதான் பிடித்து வைத்திருக்கிறாய். எங்கேயோ படித்தது இது. ஏழெட்டு வருஷம் முன்னால், லினக்ஸ்காரர்கள் கேள்வி கேட்கும் பக்கத்தில், எந்த ஊர்க்காரனோ ஒருத்தன், வட்டு வெளியே வர மாட்டேங்கிறது, பைத்தியம் பிடிக்கிறது என்று புலம்பியிருந்தான், அதற்கு ஒரே வரியில் ஒரு பதில், நீ அதற்குள்ளே நின்றுகொண்டு அதை வெளியே வா என்றால் எப்படி வரும், முதலில் நீ வெளியே வா. அன்றைக்கு இவனுக்குச் சிரிப்பு வந்தது, இப்படியும் ஒரு மடையன் உண்டா என்று. ஏசுவடியான் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தான். கறுப்புத் திரையில் நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்கும் கட்டளை ஒன்று உண்டு, மூன்றே எழுத்து, அதை அடித்தான். முதல் வட்டுக்குள் நிற்கிறாய் என்று பதில் வந்தது. ஆமாம், வட்டைப் போட்டதும் அதற்குள் போய், உள்ளே நின்றுகொண்டு அதன் வேலையைத் தொடங்கி வைப்பது அவன் வழக்கம், ஒற்றை வட்டு என்றால் ஒரு குற்றமும் இல்லை, இத்தனை வருஷம் ஒரு குற்றமும் வந்ததில்லை. உள்ளே ஆள் நிற்கிறவரை லினக்ஸ் கதவைத் திறக்காது, ஆளை நசுக்கிவிடக் கூடாது என்று அதற்கு ஒரு மரியாதை, அதைப் போய் நியாயமா என்று கேட்டுக்கொண்டிருந்தான் மூன்று நாளாக. அங்கே நின்றபடி தொடங்கி வைத்த வைனும் அங்கேயேதான் நிற்கும், இனி இவன் மட்டும் வெளியே வந்து பிரயோஜனமில்லை, எல்லாவற்றையும் நிறுத்தி முதலிலிருந்து தொடங்க வேண்டும், நாற்பத்தைந்து நிமிஷம் போனது போனதுதான். மணி பத்தரை. ரத்து என்ற இடத்தில் அம்பைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுத்தாமல் இருந்தான், ஏறின மூன்றில் ஒரு பங்கு நீலத்தைப் பார்த்தான், லீலாபாயைப் பார்த்தான். எட்டி, நான் உள்ள நின்னுக்கிட்டு அத வெளிய வா வெளிய வான்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கேன் என்றான். அவளுக்கு என்ன புரிந்ததோ, அப்பறம் என்றாள், தாழ்வாக, நீட்டாமல், அவன் படித்து வைத்திருந்த இருபது முப்பதில் இல்லாத ஒரு அப்பறம். அன்னைக்கு நான் போன வச்சிட்டேன், இல்லியா என்றான், கேட்கவேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை, வாய் தானாகக் கேட்டது. அவள் இடதுகையை நீட்டி, மவுஸைப் பிடித்திருந்த அவனுடைய குளிர்ந்த கைமேல் வைத்து, ஒரு அழுத்து அழுத்தினாள். அவன் விரலுக்கடியில் பொத்தான் அமுங்கியது. நீலம் மறைந்தது.

வெளியே வந்து, தன் கோப்புகள் இருக்கும் வீட்டு அடைவில் நின்றுகொண்டு, வட்டுக்குள் கால் வைக்காமல் தூரத்திலிருந்தே அதன் முழு விலாசத்தைச் சொல்லி அடித்தான். நீலம் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து. நாற்பத்தைந்து நிமிஷம் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அடுப்பில் வாணலி பார்ப்பதுபோல, பிலோமி அவித்த சீனிக்கிழங்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஓ, இன்னும் ஐஸு உறையல்லியா என்று கேட்டுவிட்டுப் போனாள். இரண்டாம் வட்டைப் போடவும். இந்தத் தடவை வைனுக்கே சொல்லி வட்டை விடச் சொல்ல வேண்டும், அதற்கென்று ஒரு சொல் உண்டு, அதை ஏசுவடியான் அடித்தான், டிரைவுக்குள் சுழற்சி தணிந்தது, தணிந்து, நின்று, தட்டு நாக்கை நீட்டுவதுபோல் வெளியே வந்தது. கர்த்தாவே என்றான். முதல் வட்டை எடுக்க அவன் கை போவதற்குள் அவள் கை போய்விட்டது, நடு ஓட்டையில் ஒரு விரலும் விளிம்பில் பெருவிரலுமாக, ஒரு தடம் படாமல், பாலில் ஆடையை எடுக்கிற மாதிரி எடுத்து உறைக்குள் விட்டாள், உறைக்குள் விடுவதற்கு முழங்காலால் உறையைப் பிடித்துக்கொண்டாள், இரண்டாம் வட்டை எடுத்து வைத்தாள், அவன் அங்கும் இங்கும் கையை ஆட்டிக்கொண்டு நின்றதோடு சரி. மூன்றாவதும் அப்படியே. பதினொன்றேகாலுக்கு இரண்டு, பன்னிரண்டுக்கு மூன்று, பன்னிரண்டு நாற்பதுக்கு நிறைந்தது. நாலு மணிக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. அந்த ஒரு வரி எழுதினவனுக்கு நன்றி, பேர்கூடப் போடாமல் எழுதினவன், பதில் எழுதிவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பான், அந்தக் கேள்வியைக் கேட்டு ஊர் சிரிக்க நின்ற மடையனுக்கும் நன்றி, அவன் கேட்காவிட்டால் இவனுக்கு ஏது பதில். கண் எரிந்தது, தூக்கம்தான், வேறொன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டான். நிரலைத் திறந்தான். திரை வெளிறி, எழுத்துகள் கொஞ்சம் கோணலாக வந்து, சரியாகி, நடுவில் ஒரு படம் எழும்பியது, கீழே சரிக்குப் பச்சையில் ஒரு பொத்தான், தப்புக்குச் சிவப்பில் ஒரு பொத்தான், உதவிக்கு இருப்பவர் அழுத்துவதற்கு. இது என்ன என்று ஒரு பெண் குரல் கேட்டது, ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் சுத்தமான குரல், தானே பதிலும் சொன்னது, துடைப்பம். நீங்கள் சொல்லுங்கள். லீலாபாய் படத்தைப் பார்த்தாள். உதடு குவிந்தது, பிரிந்தது, தொண்டைக்குள் ஏதோ ஏறி இறங்கியது, அப்பறம்தான் வரப்போகிறது என்று அவன் எடுத்துக்கொண்டான், வந்தால் வரட்டும், முதல் நாள்தானே. வா என்றாள். வா, வா என்று இரண்டு தடவை, தன்னைத்தான் கூப்பிடுகிறாளோ என்று அவன் முகத்தைக் கிட்டே கொண்டுபோனான், அவனை ஒதுக்கிவிட்டு அவள் திரையையே முறைத்தாள், தப்பாகப் பேர் சொல்கிறவளை முறைப்பதுபோல. இது என்ன என்று குரல் திரும்பக் கேட்டது, துடைப்பம். வாரியல் என்றாள் லீலாபாய். உரக்க, கண்டிப்பாக, எண்பது பேருக்குக் கேட்கிறாப்போல். இந்த வீட்டில் துடைப்பத்துக்கு அதுதான் பேர், பச்சையா சிவப்பா என்று அவனுக்குத் தெரியவில்லை, குரல் பொறுமையாக மூன்றாம் தடவை துடைப்பம் என்றது, வாரியல் என்று அவள் அதனிடம் சொன்னாள். இன்னா கொண்டு வாறேங்க்கா, அதுக்கு எதுக்கு இப்பிடிச் சத்தம் போடுதே என்று அடுக்களையிலிருந்து சலித்துக்கொண்டே பிலோமி வாரியலோடு வந்தாள், வாசல்படியில் ஒரு கால் வைத்தவள் மற்றக் காலை வைக்காமல் அப்படியே நின்றாள்.